சார்ஜும் நிக்கல, வேகமும் இல்ல: லேப்டாப் கோளாறை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்டை நிறுத்தினால் பெரும்பாலும் மதியம் 2 மணிக்குத்தான் திரும்ப வரும். பாளையங்கோட்டையானாலும் வள்ளியூரானாலும் லேப்டாப்புக்கு அதுதான் பரீட்சை நாள். ஐந்து மணி நேரம் வயர் இல்லாமல் ஓட வேண்டும். அதே நேரம், டாலியில் ஒரு பில் அடித்தால் வாங்க வந்தவர் டீக்கடைக்குப் போய்விட்டு வரும் அளவுக்கு இழுக்கவும் கூடாது.

வேகத்தையும் சார்ஜையும் ஒரே தராசில் வைக்க வாட் கணக்குப் போதும். ஒரு வாட் வீதம் ஒரு மணி நேரம் எடுத்தால் அது ஒரு வாட்-அவர். பேட்டரியில் 35 வாட்-அவர் மிச்சம் இருந்தால், ஐந்து மணி நேரத்துக்கு உங்கள் சராசரிச் செலவு 7 வாட். திரை, ராம், வைஃபை, எஸ்எஸ்டி ஆகியவை மட்டுமே 4, 5 வாட்டைத் தின்றுவிடும். ப்ராசஸருக்கு மிஞ்சுவது இரண்டோ மூன்றோதான். ஆனால் அதே ப்ராசஸர் டர்போ வேகத்துக்கு, அதாவது வேலை கூடும்போது தானாக ஏறும் உச்ச வேகத்துக்குப் போனால் 25 வாட்டுக்கு மேலும் இழுக்கும். கணக்கு உதைப்பது அங்கேதான்.

எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன் இரண்டு அளவு எடுங்கள்.

முதலாவது, பேட்டரியின் இன்றைய கொள்ளளவு. விண்டோஸில் ஸ்டார்ட்டை அழுத்தி சி, எம், டி என்று தட்டிக் கறுப்புத் திரையைத் திறக்கவும். தட்ட வேண்டிய ஆணையைப் போனில் சொல்வது போலச் சொன்னால்: 'பவர்' என்ற சொல், அதோடு ஒட்டி சி, எஃப், ஜி, ஓர் இடைவெளி, முன்பக்கம் சாய்ந்த கோடு, 'பேட்டரி', 'ரிப்போர்ட்' இரண்டும் சேர்ந்து ஒரே சொல். என்டர் அடித்ததும் அறிக்கை எந்த ஃபோல்டரில் விழுந்தது என்று அதுவே காட்டும். அதை பிரவுசரில் திறந்து 'டிசைன் கெப்பாசிட்டி', 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' என்ற இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த அளவு, இரண்டாவது இன்றைக்கு இருப்பது. எண்கள் மில்லிவாட்-அவரில் இருக்கும், ஆயிரத்தால் வகுத்துவிடுங்கள்.

இரண்டாவது, செலவு. 90 சதவீதத்திலிருந்து தொடங்கி அரை மணி நேரம் வழக்கமான வேலையைப் பாருங்கள். முழுக் கொள்ளளவு 36 வாட்-அவர், அரை மணியில் 10 சதவீதம் இறங்கியது என்றால் 3.6 வாட்-அவர் போயிருக்கிறது. அதாவது சராசரி 7.2 வாட். பிறகு எல்லா புரோகிராமையும் மூடி, திரை வெளிச்சத்தைப் பாதியாக்கி, 20 நிமிடம் சும்மா விட்டு அதே கணக்கைப் போடுங்கள். 100-லிருந்து தொடங்க வேண்டாம். மேலே உள்ள முதல் சில சதவீதங்கள் பல லேப்டாப்பில் பொய் சொல்லும்.

இன்றைய கொள்ளளவு டிசைன் அளவில் 60 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் குற்றவாளி பேட்டரி; ப்ராசஸரைப் பிடித்து வதைத்துப் பயனில்லை. சும்மா இருக்கும்போதே 10 வாட்டைத் தாண்டினால் பின்னணியில் ஏதோ ஓடுகிறது. இரண்டும் சரி, வேலை பார்க்கும்போது மட்டும் எகிறுகிறது என்றால்தான் வேகத்தில் கை வைக்க வேண்டும்.

"வயர உருவுனதும் ஆமையா நகருது"

பாதிப் பேருக்கு இது கோளாறே இல்லை, யாரோ போட்டு வைத்த அமைப்பு. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் அண்ட் பேட்டரி என்று போய் 'பவர் மோட்' என்ன சொல்கிறது என்று பாருங்கள். கீழேயே எனர்ஜி சேவர் அல்லது பேட்டரி சேவர் எந்தச் சதவீதத்தில் தானாக இயங்கும் என்றும் இருக்கும். எப்போதும் இயங்கும்படி வைத்திருந்தால் 20 சதவீதத்துக்கு இறக்கிவிடுங்கள்.

அடுத்து கம்பெனி கொடுத்த செயலி. லெனோவோவில் வான்டேஜ், ஆசுஸில் மைஆசுஸ் போன்றவற்றில் தனியாக ஒரு 'அமைதி' அல்லது 'சேமிப்பு' நிலை இருக்கும். விண்டோஸில் நீங்கள் எதை வைத்தாலும் இது மேலே உட்கார்ந்துகொண்டு வேகத்தை அமுக்கும். மாற்றி வைத்த அமைப்பு மறுநாள் பழையபடி ஆகிவிடுகிறது என்றாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். இரண்டில் ஒன்றில் மட்டும் மாற்றுங்கள், மற்றதை நடுநிலையில் விடுங்கள்.

மூன்றாவது, யூடியூபைப் பார்த்து 'மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்' என்பதை 50 ஆக்கி மறந்துபோனது. கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, ப்ராசஸர் பவர் மேனேஜ்மென்ட் என்ற வழியில் அது இருக்கும். ஏன் 50 வீண் என்பதைப் பின்னால் கணக்கோடு பார்க்கலாம்.

கேமிங் லேப்டாப் மட்டும் விதிவிலக்கு. வயரில் நூறு வாட்டுக்கு மேல் இழுக்கும் பொருளுக்குப் பேட்டரியால் அந்த அளவு கரண்ட் ஒரே மூச்சில் தர முடியாது. வயரை உருவியதும் வேகம் பாதியாவது அதன் இயல்பு.

"வயரு மாட்டித்தான் இருக்கு, அப்பவும் இழுவை"

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு பக்கத்தைத் திறந்து 'ஸ்பீடு' எண்ணைப் பாருங்கள். எதைத் திறந்தாலும் 0.4 அல்லது 0.8 கிகாஹெர்ட்ஸிலேயே ஆணி அடித்தாற்போல் நின்றால் விண்டோஸில் தேட வேண்டாம். லேப்டாப்பின் மதர்போர்டு, ப்ராசஸரைப் பார்த்து "அடக்கி வாசி" என்று சிக்னல் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் காரணம் அடாப்டர்.

டெல், எச்பி போன்றவற்றின் உருண்டை முனையில் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அடாப்டர் எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்வது அந்த ஊசிதான். அது வளைந்தாலோ, உள்ளே வயர் அறுந்தாலோ, டூப்ளிகேட் அடாப்டர் என்றாலோ லேப்டாப்புக்கு ஆள் அடையாளம் தெரியாது. பயந்து வேகத்தைக் குறைத்துவிடும், பல சமயம் சார்ஜும் ஏற்றாது. ஆன் செய்யும்போது அடாப்டர் வகை தெரியவில்லை என்ற எச்சரிக்கை வந்தால் நோய் உறுதி. அணைத்து, வயரை உருவி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்து, அதே வாட் உள்ள வேறொரு ஒரிஜினல் அடாப்டரைப் போட்டுப் பாருங்கள். வேகம் திரும்பினால் அடாப்டரை மாற்றினால் போதும். திரும்பாவிட்டால் லேப்டாப் பக்கத்து சாக்கெட்.

வாட் தெரிய அடாப்டர் முதுகில் உள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கள்: 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றால் 65 வாட். 2.31 என்று இருந்தால் 45 வாட்தான். 65 கேட்கும் லேப்டாப்புக்கு 45-ஐ மாட்டினால் முனை பொருந்தும், வேகம் பொருந்தாது. டைப்-சி லேப்டாப்பில் போன் சார்ஜரைச் செருகுவதும் இதே கதை.

செத்த பேட்டரியைக் கழற்றிவிட்டு அடாப்டரில் மட்டும் ஓட்டும் பழைய லேப்டாப்களிலும் இந்த இழுவை வரலாம். திடீர் உச்சத்தில் அடாப்டருக்குத் தோள் கொடுக்கப் பேட்டரி இல்லை என்று தெரிந்ததும் சில போர்டுகள் வேகத்தைக் கட்டிவிடும்.

"சும்மா வச்சிருந்தாலே சார்ஜ் ஓடுது"

டாஸ்க் மேனேஜரின் ப்ராசஸஸ் பட்டியலில் 'பவர் யூசேஜ்' நெடுவரிசையை அழுத்தினால் அதிகம் தின்பது மேலே வரும். வாரம் ஒருமுறை மட்டும் திறக்கிற லேப்டாப் என்றால் அப்டேட்டும் வைரஸ் சோதனையும் சேர்ந்து வந்து உட்காரும். கரண்ட் நிற்கிற நாளுக்கு முந்தின ராத்திரியே வயரில் போட்டு ஒரு மணி நேரம் விட்டால் அந்தக் கடன் தீர்ந்துவிடும்.

தனி கிராஃபிக்ஸ் சிப் உள்ளதில், அது தூங்காமல் விழித்திருந்தாலே சில வாட் போய்விடும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் போய் பிரவுசருக்கும் வீடியோ பிளேயருக்கும் 'பவர் சேவிங்' என்று குறியுங்கள். 120 அல்லது 144 ஹெர்ட்ஸ் திரையைப் பேட்டரியில் 60-க்கு இறக்குங்கள். பவர் பிளான் 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று கிடந்தால் அதில் 'மினிமம் ப்ராசஸர் ஸ்டேட்' 100 ஆக இருக்கும். அதை 5 ஆக்குங்கள் அல்லது பிளானையே 'பேலன்ஸ்டு' ஆக்குங்கள்.

திரை வெளிச்சத்தைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். வெளிச்சத்தைப் பாதியாக்கினால் ஓரிரு வாட் மிச்சம், 7 வாட் கணக்கில் அது பெரிய துண்டு. வாசல் திண்ணையில் வெயிலைப் பார்த்து உட்கார்ந்தால் வெளிச்சத்தை முழுக்க ஏற்றத்தான் வேண்டியிருக்கும். உள்ளறைக்கு மாறுவது எந்த அமைப்பையும்விடப் பலன் தரும்.

"வேலை பாக்கயில மட்டும் சார்ஜ் தண்ணியா போகுது"

இப்போதுதான் ப்ராசஸர் வேகம். பொதுவாகப் பலரும் நினைப்பது: வேகத்தை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு மிச்சம். அது தப்பு. ப்ராசஸரின் செலவு வேகத்தோடு ஏறும், வோல்ட்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். டர்போவின் கடைசிப் படிகளுக்கு வோல்ட்டேஜை நிறைய ஏற்ற வேண்டியிருப்பதால், அங்கே கொஞ்ச வேகத்துக்கு நிறையக் காசு கொடுக்கிறோம். ஆனால் கீழே போகப் போக வோல்ட்டேஜ் ஓர் அளவுக்கு மேல் இறங்காது; வேலை மட்டும் நீளும். நீளும் நேரம் முழுக்கத் திரையும் மற்றதும் தின்றுகொண்டே இருக்கும்.

ஓர் உதாரணக் கணக்கு. திரையும் மற்றவையும் 5 வாட் என்று வையுங்கள். ஒரு சின்ன வீடியோவை டர்போவில் மாற்ற ப்ராசஸர் 25 வாட் எடுத்து 10 நிமிடத்தில் முடிக்கிறது: மொத்தம் 30 வாட், 10 நிமிடம், 5 வாட்-அவர். டர்போ இல்லாமல் 10 வாட், 16 நிமிடம்: 4 வாட்-அவர். கழுத்தைப் பிடித்து மிகக் குறைந்த வேகத்தில் 4 வாட், 50 நிமிடம்: 7.5 வாட்-அவர். மிகக் குறைந்த வேகம்தான் மூன்றிலும் மோசம். உங்கள் மெஷினில் எண்கள் மாறும், வடிவம் மாறாது. மேல் முனையைச் சீவினால் லாபம், அடி வரை வெட்டினால் நட்டம்.

சீவும் வழி: மேலே சொன்ன ப்ராசஸர் பவர் மேனேஜ்மென்ட்டில் 'மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்', 'ஆன் பேட்டரி' மட்டும் 99. வயரில் 100 அப்படியே இருக்கட்டும். ஒரு சதவீதத்தில் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். 100-க்குக் கீழே வந்ததும் இன்டெல் ப்ராசஸர் டர்போவுக்கே போகாது, அடிப்படை வேகத்தோடு நின்றுவிடும். ஏஎம்டியிலும் பெரும்பாலும் இப்படித்தான்.

ஆனால் அந்த அடிப்படை வேகம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு வையுங்கள். ஐ5-1135ஜி7-ன் அடிப்படை 2.4 கிகாஹெர்ட்ஸ், டர்போ உச்சம் 4.2. டாலி, எக்செல், பத்து பிரவுசர் டேப் எல்லாம் 2.4-ல் தாராளமாக ஓடும். ஐ5-8250யூ-வில் அடிப்படை 1.6 தான், உச்சம் 3.4. இதில் 99 வைத்தால் கையில் தெரியும். அப்படிப்பட்டதில் 99-ஐ விட்டுவிட்டு பவர் மோடை 'பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி' ஆக்குங்கள். அது உச்சத்தைப் பூட்டாது. மேலே ஏறும் அவசரத்தை மட்டும் தணிக்கும். புதிய லேப்டாப் பலவற்றில் ப்ராசஸர் பவர் மேனேஜ்மென்ட் பட்டியலிலேயே இருக்காது. அவற்றுக்கும் இந்த பவர் மோடுதான் வழி.

கல்யாண வீடியோ எடிட்டிங் மாதிரி மணிக்கணக்கில் ஓடும் வேலையைப் பேட்டரியில் செய்யவே வேண்டாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் மாட்டுங்கள். 65 வாட் அடாப்டர் பழைய சீலிங் ஃபேன் ஒன்று எடுப்பதைவிடக் கூடுதலாக எடுக்காது. அந்த நேரம் ஒரு ஃபேனை நிறுத்தினால் கணக்கு சரியாகிவிடும்.

"மத்தியானம் ஆனா கொதிக்கி, காலைல நல்லாத்தான் இருக்கு"

நேரத்தைப் பொறுத்து வேகம் மாறினால் அது சூடு. பெரும்பாலான லேப்டாப் ப்ராசஸர்கள் 95, 100 டிகிரியை ஒட்டித் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் 27 டிகிரியில் இருந்த அறை, சித்திரை மதியம் தகர ஷெட்டுக்குள் 39 ஆனால், அந்த 12 டிகிரியும் அப்படியே ப்ராசஸர் சூட்டோடு கூடும். காலையில் 86-ல் ஓடியது மதியம் 98-ல் முட்டி இறங்கும். ஃபேன் முழு வேகத்தில் சுற்றுவதற்கும் பேட்டரிதான் கொடுக்க வேண்டும். கோர் டெம்ப் போன்ற ஒரு செயலியை வைத்து, சூட்டையும் வேகத்தையும் ஒன்றாகப் பார்த்தால் இது வெளிப்படும்.

முதலில் இருக்கும் இடம். மெத்தை, தலையணை, மடியில் விரித்த சாரம் (லுங்கி) எல்லாம் அடியில் உள்ள காற்றுத் துளையை அடைத்துவிடும். பலகையில் வைத்து, பின்பக்கம் இரண்டு பாட்டில் மூடி உயரம் தூக்கிவிட்டாலே சில டிகிரி இறங்கும். அப்புறம்தான் திறப்பது.

ஆனி, ஆடிக் காற்று இந்தப் பக்கம் சும்மா வீசுவதில்லை. திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணல் ஜன்னலை மூடினாலும் உள்ளே வரும். அந்தத் தூசி ஃபேனில் தங்குவதைவிட, ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துணி மாதிரிப் படிந்து நிற்கும். வெளியிலிருந்து ஊதினால் அது போகாது, உள்ளே இன்னும் இறுகும். ஆடி முடிந்ததும் ஆண்டுக்கு ஒரு தடவை திறந்து எடுப்பதுதான் சரி.

அணைத்து, வயரை உருவி, அடிமூடியின் திருகுகளைக் கழற்றி, கழற்றிய ஒழுங்கிலேயே ஒரு தாளில் ஒட்டி வையுங்கள். நீளம் மாறிய திருகைப் போட்டால் மேல்பக்கம் குத்தும். மூடி திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிரிப்பது. ஃபேனைத் தனியே கழற்றித் தகடுகளின் வாயில் உள்ள தூசிப் படலத்தை இடுக்கியால் உரித்தெடுங்கள். புளோயர் பிடிப்பதானால் ஃபேன் இறகை ஒரு பல்குத்தும் குச்சியால் நிறுத்திக்கொள்ள வேண்டும். சுற்றவிட்டு ஊதினால் பேரிங் கெடும்.

நாலைந்து வருடமான லேப்டாப் என்றால் ப்ராசஸர் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கையும் எடுத்து, இரண்டுக்கும் நடுவே காய்ந்துபோன பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, புதிதாக மிளகு அளவு நடுவில் வைத்தால் போதும். நீண்ட சிப்புக்கு இரண்டு மிளகு. ஹீட்சிங்கில் 1, 2, 3, 4 என்று பொறித்திருக்கும் வரிசையில் திருகை ஒவ்வொரு சுற்றாக மாற்றி மாற்றி முடுக்குங்கள். ஒன்றை மட்டும் முழுதாக முடுக்கினால் சிப்பின் மூலை உடையலாம். உவரி, இடிந்தகரைப் பக்கத்து லேப்டாப்பில் உப்புக் காற்றால் கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கும். திறந்த கையோடு அதையும் அதே ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள்.

"மூடி வச்சா, காலைல பாத்தா காலி"

நெல்லை எக்ஸ்பிரஸில் பையில் வைத்து ஏறி, சென்னையில் இறங்கித் திறந்தால் பேட்டரி செத்திருக்கும், பையும் சுட்டுக்கொண்டிருக்கும். புதிய லேப்டாப்களின் தூக்கம் போன் தூங்குவது மாதிரி. வைஃபை, அப்டேட் எல்லாம் நடுவில் விழித்துக்கொள்ளும். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் 'சூஸ் வாட் க்ளோசிங் தி லிட் டஸ்' என்பதைத் திறந்து, 'ஆன் பேட்டரி' பக்கம் 'ஹைபர்நேட்' வையுங்கள். பட்டியலில் ஹைபர்நேட் இல்லையென்றால் கறுப்புத் திரையை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, முன்பு சொன்ன அதே முதல் சொல், இடைவெளி, சாய்கோடு, 'ஹைபர்நேட்', இடைவெளி, 'ஆன்' என்று தட்டுங்கள். திறக்கும்போது பத்து, இருபது விநாடி கூடுதலாகும். அவ்வளவுதான் விலை.

"முப்பதுல இருந்து பொட்டுனு அணைஞ்சிருது"

பேட்டரி செல் கிழடாகிவிட்டது. சும்மா இருக்கும்போது 30 என்று காட்டும், டர்போ ஒரு குத்து இழுத்ததும் வோல்ட்டேஜ் சரிந்து போர்டு அணைந்துவிடும். புதுப் பேட்டரி வரும் வரை, மேலே சொன்ன 'மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்'டை 99 வைத்தால் அந்தக் குத்து மட்டுப்படும். சதவீதக் கணக்குதான் குழம்பியிருக்கிறதா என்று பார்க்க, ஒரே ஒரு தடவை 100 வரை ஏற்றி, தானாக அணையும் வரை ஓட்டி, இடைவிடாமல் திரும்ப 100 வரை ஏற்றுங்கள். அதற்குப் பிறகும் அணைந்தால் மாற்ற வேண்டியதுதான். வாங்கும்போது லேப்டாப் பெயரைச் சொல்லி வாங்காமல், பழைய பேட்டரியின் மேல் உள்ள பார்ட் நம்பரையும் வோல்ட்டையும் காட்டி வாங்குங்கள்.

டச்பேட் மேலே தூக்கி நின்றாலோ, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது, குப்பையிலும் போடக் கூடாது.

"எண்பதுக்கு மேல ஏற மாட்டுக்கு"

கோளாறில்லை. கம்பெனிச் செயலியில் சார்ஜ் வரம்பு போட்டிருக்கிறது, நல்லதுதான். முழுச் சார்ஜில் 40 டிகிரிச் சூட்டில் ஓராண்டு கிடந்த லித்தியம் பேட்டரி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொள்ளளவை இழந்துவிடும். நம் ஊர் வெயிலுக்கு அந்தச் சூடு தூரமில்லை. வழக்கமாக 80-லேயே விடுங்கள். கரண்ட் நிற்கும் அறிவிப்பு வந்தால் முந்தின ராத்திரி மட்டும் வரம்பை எடுத்து 100 ஆக்குங்கள்.

லினக்ஸிலும் பழைய அரசு லேப்டாப்பிலும்

2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப்கள் பல இன்னும் வீடுகளில் ஓடுகின்றன. பலவற்றில் விண்டோஸோடு, அதற்கு மாற்றான பாஸ் லினக்ஸும் வந்தது. லினக்ஸில் ப்ராசஸர் வேகத்தை ஆளும் நிலைகளில் 'பவர்சேவ்' என்ற பெயர் ஆளை ஏமாற்றும். புதிய இன்டெல்லில் இன்டெல் பி-ஸ்டேட் டிரைவர் இயங்கும்போது 'பவர்சேவ்' என்றாலும் வேகம் தேவைக்கேற்ப ஏறும். பழைய ஏசிபிஐ டிரைவரில் அதே 'பவர்சேவ்' மிகக் குறைந்த வேகத்தில் பூட்டிவிடும். அங்கே 'ஆன்டிமாண்ட்' அல்லது 'ஷெட்யூட்டில்' வையுங்கள். டிஎல்பி என்ற சார்ஜ் சேமிப்புச் செயலியைப் போட்டால், அதே வேலையைப் பின்னணியில் பார்க்கும் பவர் ப்ரொஃபைல்ஸ் டீமனை நிறுத்திவிடுங்கள், இரண்டும் ஒன்றையொன்று இழுத்தால் எதுவும் நிலைக்காது. டிஎல்பி கோப்பில் பேட்டரிக்கான சிபியு பூஸ்ட் வரியை 0 ஆக்குவது விண்டோஸின் 99-க்குச் சமம். வாட் அளவை பவர்டாப் என்ற செயலி நேரடியாகவே காட்டும்.

விண்டோஸில் ஓடும் பழைய லேப்டாப்பில் ப்ராசஸரைத் திட்டுவதற்கு முன் டாஸ்க் மேனேஜரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சிபியு 20-லும் டிஸ்க் 100-லும் நின்றால் இழுப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று அதே இடத்தில் அப்படியே பொருந்தும். வேகமும் கூடும், சுழலும் மோட்டாருக்குப் போன ஓரிரு வாட்டும் மிஞ்சும்.